பிக்கப் வாங்கும் முன் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பேஸ் கிட்டார்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கையில் இருக்கும் பேஸின் ஓசை பிடிக்கவில்லை, பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தப் பாகத்தை) மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடமாக பேஸ் வாசிக்கிறேன். அதில் பாதிக் காலம் மற்றவர்களின் பேஸ்களைத் திறந்து பழுது பார்த்தும் வருகிறேன். என் பட்டறை மேசைக்கு வந்த பேஸ்களில் நிஜமாகவே புதுப் பிக்கப் தேவைப்பட்டவை மிகக் குறைவு. இருப்பதை வைத்தே செய்யக்கூடிய மாற்றங்கள் நிறைய இருக்கின்றன. பிடிக்கவில்லையென்றால் ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். அப்படிப்பட்டவற்றை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். எதைத் தொடுவதற்கு முன்பும் உள்ளே வயர்கள் இருக்கும் நிலையை இரண்டு கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்தை ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி, பேஸ் உறையின் பையிலேயே வையுங்கள்.

கேள்வி: என்னுடையது ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் மாதிரியில் செய்த, இரண்டு பிக்கப் உள்ள பேஸ். கழுத்துப் பக்கப் பிக்கப் மட்டும் சத்தமாகக் கேட்கிறது, பிரிட்ஜ் (தந்திகள் உடம்பில் வந்து முடியும் இடம்) பக்கத்துப் பிக்கப் இருப்பதே தெரியவில்லை. மொத்தத்தில் ஓசை மந்தமாக இருக்கிறது. புது செட் வாங்குவதுதான் வழியா?

வாங்க வேண்டாம். உங்கள் பிரச்சினை அநேகமாக உயரத்தில் இருக்கிறது. தந்தி பிரிட்ஜுக்குப் பக்கத்தில் குறைவாகத்தான் ஆடும், கழுத்தை நோக்கிப் போகப்போக வீச்சு அதிகமாகும். அதனால் இரண்டு பிக்கப்பும் தந்தியிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால், கழுத்துப் பக்கம் எப்போதும் முந்தும். இதைச் சமன் செய்யத்தான் பிக்கப்பின் மூலைகளில் ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள். ஆனால் வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட அந்த ஸ்க்ரூவைத் தொடாதவர்கள்தான் அதிகம்.

அளக்கும் விதம் இதுதான். தடித்த ஈ தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைச் சிறிய ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் மெல்லிய ஜி தந்தியில் அதே மாதிரி. நான் தொடங்கும் இடம் ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. சுமார். அங்கிருந்து கழுத்துப் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்குவேன், பிரிட்ஜ் பிக்கப்பைக் கொஞ்சம் ஏற்றுவேன். ஸ்க்ரூவை இறுக்கினால் பிக்கப் இறங்கும், தளர்த்தினால் ஏறும். ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று போதும். திருகிவிட்டு உடனே தீர்ப்பு சொல்லாமல் ஐந்து நிமிடம் வாசியுங்கள்.

தளர்த்தியும் பிக்கப் ஏறவில்லையா? பயப்படாதீர்கள். பிக்கப்புக்கு அடியில் அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் வருடக்கணக்கில் நசுங்கி உயிர் இழந்திருக்கும். சில பேஸ்களில் ஸ்பிரிங் இருக்கும், பலவற்றில் ஸ்பாஞ்ச்தான். நான் திறந்த ஒரு பேஸில் அந்த ஸ்பாஞ்ச் விரல் பட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நல்ல அழுத்தமான ஸ்பாஞ்சை அளவாக வெட்டி அடியில் வைத்ததும், மூன்று வருடமாகச் செத்துப்போனதாக அதன் சொந்தக்காரர் நினைத்திருந்த பிரிட்ஜ் பிக்கப் பேச ஆரம்பித்தது.

கிட்டே கொண்டுபோனால் சத்தம் கூடுகிறதே என்று தந்தியை ஒட்டி ஏற்றிவிடாதீர்கள். காந்தம் தந்தியை இழுக்கும். ஈ தந்தியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்துப் பாருங்கள். ஒரே ஸ்வரத்துக்குள் இன்னொரு ஸ்வரம் அலைவது போலவும், ஓசை சீக்கிரம் அடங்குவது போலவும் கேட்டால் காந்தம் மிகக் கிட்டே இருக்கிறது. கால் சுற்று கால் சுற்றாக இறக்குங்கள்.

இன்னொன்று. ஏற்றிய பிக்கப்பையும் இறக்கிய பிக்கப்பையும் ஒப்பிடும்போது ஆம்ப்பின் வால்யூமைச் சரிசெய்து இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் கேளுங்கள். சத்தமாக இருப்பதெல்லாம் நம் காதுக்கு நன்றாக இருப்பது போலத் தோன்றும். இந்த ஒரு விஷயத்தில் ஏமாறாதவரை நான் பார்த்ததில்லை.

கேள்வி: இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருந்தால் என் ஜாஸ் பேஸ் அமைதியாக இருக்கிறது. பிரிட்ஜ் வால்யூமை இத்தனூண்டு குறைத்தாலும் "ம்ம்ம்" என்று ஹம் வருகிறது. ஆனால் எனக்குப் பிடித்த ஓசை அந்தக் குறைத்த இடத்தில்தான் இருக்கிறது.

அருமையான கேள்வி. 1960-இல் ஜாஸ் பேஸ் வந்த நாளிலிருந்து இருக்கும் தொல்லை. அந்த இரண்டு பிக்கப்பும் ஒற்றைக் காயில் (கம்பிச் சுருள்) வகை. இரண்டும் சேர்ந்தால் ஹம் அடங்க வேண்டும் என்பதற்காக ஒன்றின் காந்தத்தையும் கம்பிச் சுற்றையும் மற்றதற்கு எதிர்த்திசையில் வைப்பார்கள். இரண்டு காயிலும் சம அளவில் ஹம்மைக் கொடுத்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஒரு வால்யூமைக் குறைத்ததும் சமன் கெட்டு, மிச்சம் இருப்பது ஆம்ப்பில் கேட்கிறது.

வழி மேலே சொன்ன அதே ஸ்க்ரூதான். ஹம் என்பது சுற்றிலும் இருக்கும் மின்சார வயர்களிலிருந்து காயிலுக்குள் நேராக வருவது. தந்தி பிக்கப்புக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஹம்மின் அளவு மாறாது. தந்தியின் ஓசை மட்டும் தூரத்தைப் பொறுத்து மாறும். அதனால் வால்யூமைக் குறைப்பதற்குப் பதிலாக, பிரிட்ஜ் பிக்கப்பையே ஒரு மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள். நாப் இரண்டும் முழுதாகத் திறந்தே இருக்கும், ஹம் அடங்கியே இருக்கும், கலவை மட்டும் நீங்கள் விரும்பும் பக்கம் சாயும். வால்யூமைக் குறைத்தபோது கேட்ட அதே ஓசை அச்சு அசலாக வராது, ஏனென்றால் வால்யூம் பாட் (நாபுக்கு அடியில் தடையைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) வழியாகப் போகும்போது ட்ரெபிளும், அதாவது கூர்மையான மேல் ஓசையும், கொஞ்சம் மாறும். ஆனாலும் மிகப் பக்கத்தில் வந்துவிடலாம். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு ஹம்முக்காக யாரும் என்னிடம் இரண்டாம் முறை வந்ததில்லை.

கேள்வி: டோன் நாபை மூடினால் கம்பளிக்குள் போர்த்தியது போல ஆகிவிடுகிறது. திறந்தால் கூர்மை அதிகம். நடுவில் ஒன்றும் கிடைப்பதில்லை. கெப்பாசிட்டரை மாற்றச் சொல்கிறார்கள். எந்த மதிப்பு?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பேஸுக்குள் மிக மலிவான பாகம் கெப்பாசிட்டர்தான். ஆனால் அதை மாற்றினால் கிடைக்கும் பலன் பெரிது.

டோன் நாபுக்கு அடியில் ஒரு பாட், அதனோடு ஒரு கெப்பாசிட்டர், அதன் மறுமுனை கிரவுண்டுக்கு, அதாவது சர்க்யூட்டின் பொதுவான பூஜ்ய முனைக்கு. நாபை மூட மூட, ட்ரெபிள் அந்த வழியாகக் கிரவுண்டுக்கு வடிந்துவிடும். எவ்வளவு கீழே வரை வடிகிறது என்பதைக் கெப்பாசிட்டரின் மதிப்பு முடிவு செய்கிறது. பல பேஸ்களில் 0.047 மைக்ரோஃபாரட் இருக்கும். அதன் மேல் 473 என்று அச்சிட்டிருப்பார்கள். 47-க்குப் பின் மூன்று சைபர், அதாவது 47,000 பைக்கோஃபாரட் என்று படிக்க வேண்டும். 223 என்றால் 0.022, 104 என்றால் 0.1 மைக்ரோஃபாரட். ஐம்பதுகளின் பேஸ்களில் 0.1 இருந்தது, மூடினால் மிகவும் இருட்டு.

நாபை முழுக்க மூடும்போது நடப்பது வெறும் வடிதல் மட்டும் இல்லை. பிக்கப்பின் காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து, அந்த இடத்தில் ஓசையைச் சற்றே தூக்கிக் கொடுக்கும். காயிலின் மின்தூண்டல் 4 ஹென்றி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 0.1 வைத்தால் அந்த மேடு 250 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். 0.047 வைத்தால் 370, 0.022 வைத்தால் 540. நீங்கள் கம்பளி என்று சொல்வது அந்த மேடு மிகக் கீழே இருப்பதால் வருவது. 0.022 போட்டால் மேடு நடு அலைவரிசைக்கு ஏறும். டோனை முழுக்க மூடினாலும் ஸ்வரம் என்னவென்று தெளிவாகத் தெரியும், டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் நடுவே தொலைந்து போகாது. உங்களுக்கு என் பரிந்துரை 0.022 அல்லது 0.033.

ஆனால் என் பேச்சைக் கேட்டு உடனே சால்டர் வைக்காதீர்கள். பழைய கெப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் விடுவித்துவிட்டு, அந்த இரண்டு இடங்களிலிருந்தும் இரண்டு நீண்ட வயர்களை வெளியே கொண்டுவாருங்கள். நுனியில் முதலைக் கிளிப் மாட்டுங்கள். நான்கைந்து மதிப்புகளை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கிளிப்பில் மாட்டி வாசியுங்கள். இன்னொருவர் மாட்ட, நீங்கள் மதிப்பைப் பார்க்காமல் வாசித்தால் இன்னும் நல்லது. ஒரு முறை ஒருவர் 0.047தான் வேண்டுமென்று அடித்துச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறையும் 0.022-ஐத் தேர்ந்தெடுத்தார்.

டோன் முழுதாகத் திறந்திருக்கும்போது இருக்கும் கூர்மையை இது தொடாது. அப்போது 250 கிலோ ஓம் தடை குறுக்கே நிற்பதால் கெப்பாசிட்டரின் மதிப்பு கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கூர்மையைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. ஒரு 1000 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டரை, அதாவது 102 என்று அச்சிட்டதை, ஜாக்கின் (கேபிள் செருகும் துளையின்) சிக்னல் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வையுங்கள். அதே 4 ஹென்றி காயிலில், கேபிளோடு சேர்ந்து 700 பைக்கோஃபாரட் இருந்தால் பிக்கப்பின் இயல்பான மேடு 3000 ஹெர்ட்ஸில் இருக்கும். இந்தச் சின்ன கெப்பாசிட்டர் அதை 1900 பக்கம் இறக்கிவிடும். கூர்மை போய்க் கொஞ்சம் சதை பிடிக்கும்.

எண்ணெய்க் காகிதக் கெப்பாசிட்டர், பழைய காலத்துக் கெப்பாசிட்டர் என்று அதிக விலைக்கு விற்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மீட்டரில் வைத்து ஒரே மதிப்பு காட்டுகிற இரண்டு கெப்பாசிட்டர்களுக்கு நடுவே பேஸின் டோன் நாபில் நான் வித்தியாசம் கேட்டதில்லை. மேலே 0.047 என்று எழுதியிருந்தும் நிஜத்தில் 0.038 இருந்த பழைய கெப்பாசிட்டர்களை நிறைய அளந்திருக்கிறேன். பழையதில் மாயம் இருப்பதாக நினைப்பவர்கள் கேட்பது இந்த வித்தியாசத்தைத்தான். ஐம்பது வோல்ட் தாங்கும் சாதாரணப் பிளாஸ்டிக் வகை தாராளமாகப் போதும்.

கேள்வி: என்னிடம் ஃபெண்டரின் இன்னொரு மாடலான ப்ரெசிஷன் வகை பேஸ். ஒரே பிக்கப்தான். சில பாட்டுகளுக்கு மெலிந்த, பளிச்சென்ற ஓசை வேண்டும். மரத்தைக் குடையாமல் கிடைக்குமா?

கிடைக்கும். உங்கள் பேஸில் இருக்கும் ஒரு பிக்கப் உண்மையில் இரண்டு துண்டு. 1957-இலிருந்து ப்ரெசிஷனில் அப்படித்தான். ஒரு துண்டு ஈ, ஏ தந்திகளைக் கேட்கிறது, மற்றது டி, ஜி தந்திகளை. இரண்டும் சீரிஸாக, பள்ளியில் சொன்ன தொடரிணைப்பில், கோக்கப்பட்டிருக்கும். அதைப் பேரலலாக, அதாவது பக்க இணைப்பாக, மாற்றினால் மொத்த மின்தூண்டல் நான்கில் ஒன்றாகிவிடும். கேபிளும் மற்றதும் அப்படியே இருந்தால் ஒத்ததிர்வு மேடு இரண்டு மடங்கு மேலே போகும். பளிச்சென்று இருக்கும். சத்தமும் பாதியாகும், ஏனென்றால் நீங்கள் ஜி தந்தியை வாசிக்கும்போது சும்மா இருக்கும் அடுத்த துண்டு ஒரு சுமையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஆம்ப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஹம் அடங்கும் குணம் இரண்டு இணைப்பிலும் போகாது. 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயின் தெளிவுக்கு அதன் ஆக்டிவ் (பேட்டரியில் ஓடும்) சர்க்யூட் ஒரு காரணம், பிக்கப்பின் இரண்டு காயிலும் பேரலலாக இருப்பது இன்னொரு காரணம்.

இதற்கு இழுத்தால் சுவிட்ச்சாக வேலை செய்யும் புஷ்-புல் பாட் ஒன்று வாங்கி, இருக்கும் டோன் பாட்டின் இடத்தில் போடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாங்கும் முன் உள்ளே குழியின் ஆழத்தை அளந்துவிடுங்கள். அந்தப் பாட் சாதாரணத்தைவிட உயரம். ஒருவர் அளக்காமல் வாங்கி வந்து, பிக்கார்டு (முகப்பை மூடும் தகடு) மூடாமல் தவித்தார்.

இரண்டு துண்டுக்கும் நடுவே ஓடும் சிறிய வயரைத்தான் அவிழ்த்துச் சுவிட்ச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மிகவும் பொறுமை வேண்டும். பிக்கப்பின் அடியில் வயர் வந்து சேரும் இடத்தைக் கிட்டேபோய்ப் பாருங்கள். ஒரு சிறு பித்தளைக் கண். அதன் ஒரு பக்கம் துணி சுற்றிய தடித்த வயர், மறுபக்கம் காயிலிலிருந்து வரும் செப்பு இழை. அந்த இழை பெரும்பாலும் 42 கேஜ், குறுக்களவு 0.06 மி.மீ.தான். தலைமுடியை விடச் சன்னமாகக்கூட இருக்கும். தடித்த வயரை இழுத்தால் அந்த இழை அறுந்துவிடும், பிக்கப் அதோடு போயிற்று. அதனால் கண்ணைத் தொடவே தொடாதீர்கள். நடு வயரைப் பாதியில் வெட்டி, வெட்டிய இரண்டு முனையிலும் புது வயர் சேர்த்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். திரும்பப் பழையபடி வேண்டுமென்றால் அந்த இரண்டு முனையையும் சேர்த்தால் போதும்.

பேரலலில் ஹம் குறைவதற்குப் பதில் கூடினால், ஒரு துண்டின் இரண்டு முனைகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். ஜாஸ் பேஸில் ப்ரெசிஷன் மாதிரி தடித்த ஓசை வேண்டும்.

அதே புஷ்-புல் பாட், எதிர்த்திசையில். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் பேரலலாக இருக்கும். அவற்றைச் சீரிஸாக்கினால் சத்தம் கூடும், நடு அலைவரிசை தடிக்கும், மேல் பளபளப்பு அடங்கும். ஃபெண்டரே சில ஜாஸ் பேஸ்களில் வால்யூம் நாபுக்குள் எஸ்-1 என்ற பொத்தானை வைத்து இதைச் செய்திருக்கிறது. சீரிஸில் இருக்கும்போது இரண்டு வால்யூமும் தனித்தனியாக வேலை செய்யாது, ஒன்று மொத்த வால்யூம் போல ஆகிவிடும். மேடையில் அது நினைவிருக்க வேண்டும்.

ப்ரெசிஷன் ஓசை முழுதாக வருமா என்றால் வராது. பிக்கப் தந்தியின் எந்த இடத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது என்பதை எந்தச் சுவிட்ச்சும் மாற்ற முடியாது. எழுபதுகளில் ஜாஸ் பேஸின் பிரிட்ஜ் பிக்கப்பை ஒரு சென்டிமீட்டர் பிரிட்ஜை நோக்கித் தள்ளிவைத்தார்கள். அந்த ஒரு சென்டிமீட்டர் வித்தியாசமே பழகிய காதுக்குத் தெரிகிறது. ஆனால் சீரிஸ் ஜாஸ் தன்னளவில் ஒரு நல்ல ஓசை. நான் வாசிக்கும் பேஸில் இன்றைக்கும் இருக்கிறது, பாதிப் பாட்டுக்கு அதை இழுத்துவிடுகிறேன்.

கேள்வி: பிரிட்ஜ் பிக்கப் கெட்டுப்போய் வேறு ஒன்று போட்டேன். தனியாக ஒவ்வொன்றும் நன்றாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் அடி ஓசையே காணாமல் போய்த் தகரம் போல ஆகிறது.

இரண்டும் எதிரெதிர்க் கட்டத்தில் இருக்கின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. புதிய பிக்கப்பின் இரண்டு வயர்களையும், சிக்னல் வயரைக் கிரவுண்டுக்கும் கிரவுண்ட் வயரைச் சிக்னலுக்குமாக மாற்றிப் போடுங்கள். உலோக மூடியோ அடித்தகடோ கிரவுண்ட் வயரோடு சேர்ந்திருந்தால், முதலில் அதைப் பிரித்துத் தனி வயரில் கிரவுண்டுக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த உலோகம் முழுக்கச் சிக்னலாகி, கை பட்டாலே உறுமும்.

மாற்றிய பிறகு அடி ஓசை வந்துவிட்டது, ஆனால் இரண்டும் முழுதாகத் திறந்தாலும் ஹம் அடங்கவில்லை என்றால், ஒரு திசைகாட்டியை இரண்டு பிக்கப்பின் மேலும் மாறி மாறிக் காட்டுங்கள். ஊசியின் ஒரே முனை இரண்டிலும் இழுபட்டால் இரண்டின் காந்தமும் ஒரே திசை. அந்த ஜோடி ஹம்மை அடக்காது. கடைக்காரரிடம் எதிர்த்திசைக் காந்தமும் சுற்றும் உள்ளதாகக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அளவும் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான ஜாஸ் பேஸில் கழுத்துப் பிக்கப் பிரிட்ஜ் பிக்கப்பைவிட நீளத்தில் சற்றே குட்டை.

கேள்வி: அறுபதுகளின் பதிவுகளில் கேட்கும் அந்தக் குட்டையான "தும்" ஓசைக்கு எந்தப் பிக்கப்?

அந்த ஓசையில் பிக்கப்பின் பங்கு குறைவு. மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 ப்ரெசிஷனில் பிரிட்ஜ் மூடிக்குக் கீழே தந்திகளை அழுத்தும் ஸ்பாஞ்ச் இருந்தது. தட்டைச் சுற்றுள்ள தடித்த தந்திகள், அவற்றை அவர் மாற்றுவதும் இல்லை. வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும். நீங்கள் ஒரு ஸ்பாஞ்சைத் தந்தியின் கீழே, பிரிட்ஜை ஒட்டிச் செருகுங்கள். டோனைப் பாதி மூடுங்கள். ஓசை சட்டென்று அடங்கினால் ஸ்பாஞ்ச் தடிமன் அதிகம், மேல்புறம் கொஞ்சம் சீவிக் குறையுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் மாற்றங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கேள்வி: பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு குழி தோண்டி இரண்டாவது பிக்கப் வைக்க நினைக்கிறேன். உங்கள் கருத்து?

இருபத்திரண்டு வயதில் அதைத்தான் செய்தேன். ப்ரெசிஷன் வகை பேஸ், நல்ல உடம்பு. உளியும் கைத் துளைப்பானும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்கக் குடைந்தேன். ஓரம் பிளந்தது. பிக்கப் போட்டு வாசித்தேன், இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தது. பிறகு இசைக்குழுவோடு வாசிக்கும்போது அந்த இரண்டாவது பிக்கப்பை நான் திறப்பதே இல்லை என்று கவனித்தேன். எனக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் தெளிவு மட்டும்தான். 0.022 கெப்பாசிட்டரும் உயரத்தைச் சரிசெய்வதும் அதைக் கொடுத்திருக்கும். அந்தக் குழி இன்னும் அப்படியே இருக்கிறது. பழைய வயரிங்கை மீட்டுத்தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தபோது, அவர்கள் மூலப் பாட்களையும் கெப்பாசிட்டரையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை வைத்துத் தந்தார்கள். கழற்றியதைக் கவரில் போட்டு வையுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது அன்றைக்குப் பட்ட வருத்தத்தால்தான்.

ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டும், செய்து பாருங்கள். அப்போதும் பிரிட்ஜ் பிக்கப்பின் ஓசைதான் வேண்டுமென்றால், அந்தப் பிக்கப் இருக்கும் பேஸ் ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் குழுவோடு வாசியுங்கள்.

உங்களுடையது பழமையான, மதிப்புள்ள பேஸ் என்றால் இன்னும் கவனம். அதில் மூல சால்டரைத் தொடுவதே ஒரு இழப்பு. ஜாஸ் பேஸில் பாட்களும் ஜாக்கும் ஒரே உலோகத் தகட்டில் இருக்கும். இன்னொரு தகட்டில் புது வயரிங்கை முழுதாகக் கட்டிக்கொண்டு, பழைய தகட்டை அப்படியே எடுத்து வைக்கலாம். பிக்கப் வயர்களையும் பிரிட்ஜிலிருந்து வரும் கிரவுண்ட் வயரையும் மட்டும்தான் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கேபிள் மாற்றினால் ஓசை மாறுமா? இல்லை விளம்பரமா?

பாஸிவ் பேஸில் மாறும். கேபிளுக்கும் கெப்பாசிட்டர் குணம் உண்டு, சாதாரணமாக மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் அளவில் இருக்கும். மூன்று மீட்டர் கேபிளிலிருந்து ஒன்பது மீட்டருக்குப் போனால் 600 கூடிவிடும். மேலே சொன்ன 1000 பைக்கோஃபாரட் விஷயத்தின் தம்பி இது. வீட்டில் குட்டிக் கேபிளில் பளிச்சென்று இருந்த பேஸ் மேடையில் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக்டிவ் பேஸில், அதாவது பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் உள்ளதில், கேபிள் நீளம் அவ்வளவாகப் பாதிக்காது.

கேள்வி: என் பேஸில் இஎம்ஜி நிறுவனத்தின் ஆக்டிவ் பிக்கப். 250 கிலோ ஓம் பாட் போடலாமா?

வேண்டாம். அவற்றுக்கு 25 கிலோ ஓம் பாட்தான் சரி. 250 போட்டால் நாபைத் திருப்பும்போது முழுச் சத்தத்துக்கும் அமைதிக்கும் நடுவே ஒன்றும் இல்லாத மாதிரி, சுவிட்ச் போல வேலை செய்யும்.

கேள்வி: சால்டரிங் அயர்னைப் பிடித்ததே இல்லை. நேராக பேஸிலேயே பழகலாமா?

முதலில் உடைந்த ரேடியோ போர்டு ஒன்றில் இருபது இணைப்பு கழற்றி மாட்டிப் பாருங்கள். இணைப்பு பளபளவென்று, வயரைச் சுற்றி வழிந்து படிந்தது போல இருக்க வேண்டும். உருண்டையாக நின்றால் சூடு போதவில்லை. இரண்டு மூன்று விநாடிக்கு மேல் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வால்யூம், டோன் பாட்களின் முதுகில் வைக்கும்போது மட்டும் அந்த இடத்தை முன்பே உப்புத்தாளால் லேசாகச் சுரண்டுங்கள், சால்டர் உடனே பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை மூக்குக்கு நேராக வரக் கூடாது.

ப்ரெசிஷனில் பிக்கார்டைத் தூக்குவதற்குத் தந்திகளைக் கழற்ற வேண்டியதில்லை. முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ (தந்திகளைக் கழுத்தோடு அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுவிட்டுத் தந்திகளைத் தளர்த்தினால், அவை சிக்காமல் தன் இடத்திலேயே இருக்கும். பேஸின் முகத்தைப் பழைய துணியால் முழுக்க மூடிவிடுங்கள். ஒரு சொட்டு சால்டர் விழுந்தால் பெயிண்டில் குழி விழும், அதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. இரும்பு முனையுள்ள எந்தக் கருவியையும் பிக்கப்புக்கு மேலே நீட்டாதீர்கள். காந்தம் எதிர்பாராமல் இழுத்து, முனை காயிலின் மேல் போய்க் குத்தும். பிக்கப்பின் மேல் ஒரு தடித்த அட்டையை வெட்டி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.